நூற்று அறுபத்தெட்டு நாள் இறங்காத பந்து

சுவிஸின் லா ஷோ-து-ஃபோன் மைதானத்தில் 2024ஆம் ஆண்டு ஏப்ரல் பதின்மூன்றாம் திகதி ஆராவ் அணியின் மிதுன் உதைத்த பந்து, செப்டம்பர் இருபத்தெட்டாம் திகதி பிற்பகல் நான்கு மணி பன்னிரண்டு நிமிடத்துக்குக் கீழே வந்தது. இடைப்பட்ட நூற்று அறுபத்தெட்டு நாளும் அது தரையிலிருந்து நாற்பத்தொரு மீற்றர் இருபது சென்ரிமீற்றர் உயரத்தில் அசையாமல் நின்றது. உயரத்தை அளந்தவர் நகரசபையின் நில அளவையாளர். அவர் இரண்டு தடவை அளந்தார். சந்தேகத்தினால் அல்ல, படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. மணிக்கூடு செய்கிற ஊர் என்பதால் பந்து பிந்தியதில் சிலருக்கு மனவருத்தம் இருந்தது. நின்றதில் யாருக்கும் இல்லை.

யூரா-ஆரே இரண்டாம் பிரிவு றக்பி லீக் என்பது ஆறு அணிகள் மோதுகிற தொடர். அதற்குக் கீழே பிரிவு கிடையாது. அதற்கு மேலே உள்ளதையும் அதிகம் பேர் கண்டதில்லை. விதிப்புத்தகத்தின்படி அது அரைத் தொழில்முறைப் போட்டி. அரை என்றால், விளையாடுகிறவருக்கு ரயில் சீட்டும், ஆட்டம் முடிந்ததும் வாட்டிய சொசேச் ஒன்றும் உண்டு. சனிக்கிழமை மச்சம் சாப்பிடாதவர்களுக்கு உருக்கிய சீஸ். மற்ற றக்பிக்குப் பதினைந்து பேர் வேண்டும், இதற்குப் பதின்மூன்று பேர் போதும். லா ஷோ-து-ஃபோன் ஒற்றுமை விளையாட்டுக் கழகத்தில் ஒருவரோடொருவர் கதைக்கிற நிலையில் அப்போது பதின்மூன்று பேரே இருந்தார்கள் என்பதால் கழகம் இதில் சேர்ந்தது. சேர்த்துவிட்டவர் பத்மநாதன். அவர் பதினொரு சங்கங்களின் தலைவர், மூன்றின் காப்பாளர், ஒன்றின் ஸ்தாபகரும் ஒரே உறுப்பினரும். அவருடைய பெயரட்டையை மூன்றாக மடித்துத்தான் சட்டைப்பையில் வைக்கலாம். றக்பி ஆட்டம் ஒன்றை அவர் பார்த்ததில்லை. தன் கழகத்தின் ஆட்டங்களுக்கு ஒன்றுவிடாமல் வருவார், ஆனால் மைதானத்துக்கு முதுகு காட்டியே நிற்பார். சனம் இருப்பது மற்றப் பக்கத்தில்.

அந்த ஆண்டு கழகத்தின் வெற்றி விழா மார்ச் இருபத்துமூன்றாம் திகதி நடந்தது. பருவம் ஏப்ரலில் தொடங்கியது. இதில் விளங்காத ஒன்றுமில்லை. சமையலறையும் வாகனத் தரிப்பிடமும் உள்ள, குத்துவிளக்கு ஏற்றினால் தீயணைப்பு மணி அடிக்காத ஒரே மண்டபம் அந்த ஒரு நாள்தான் கிடைத்தது. அதற்குப் பிறகு 2026 வரைக்கும் கலியாணமும் சாமத்தியவீடுமாக அது நிரம்பியிருந்தது. மண்டபம் கிடைத்த நாளில் பிள்ளைக்குப் பிறந்தநாள் வைத்துப் பழகிய சனம், மண்டபம் கிடைத்த நாளில் வெற்றியையும் வைத்தது. இருநூற்று நாற்பது பேர் வந்தார்கள். வரவேற்பு நடனம் மூன்று, வாழ்த்துரை ஒன்பது. ‘முதலாவது போட்டியில் ஆராவ் அணியை வென்று வாகை சூடிய வீரர்களுக்கு’ என்று பொறித்த பதின்மூன்று கேடயங்கள் வழங்கப்பட்டன. பதின்மூன்றாவது கேடயத்தில் மட்டும் இன்னொரு வரியும் இருந்தது: ‘உயர்ந்து வரும் பந்தை வாழ்நாளில் தவறவிடாத கரங்கள்.’ அது றேமன்டுக்கு.

றேமன்ட் மன்னார்க்காரர். முப்பத்தாறு வயது. பதினான்கு வருடமாக ஊரில் ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை. கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, தலைமயிரைவிடச் சற்றே தடித்த திருகாணிகளைச் சிமிட்டா என்கிற சிறு இடுக்கியால் எடுத்து அதனதன் குழியில் வைப்பார். பதினான்கு வருடத்தில் ஒரு திருகாணியும் அவர் கையிலிருந்து விழுந்ததில்லை. மற்ற எல்லாம் விழுந்திருக்கின்றன. உளுந்தைவிடப் பெரிய பொருள் எதுவும் அவர் கையில் தங்காது. குடம், பூசணிக்காய், தன் கலியாணக் கேக்கின் கீழ்த்தட்டு என்று ஒரு பட்டியலே உண்டு. மகளின் ஞானஸ்நானத்தில் பாதிரியார் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுப் பிள்ளையைச் சித்தியிடம் கொடுத்தார். கழகத்தில் அவரைக் கடைசிக் காவலராக எல்லோருக்கும் பின்னால் நிறுத்தியதும் இதற்காகத்தான். பந்து அவ்வளவு தூரம் வராது என்பது நம்பிக்கை. பத்மநாதனுக்கு இது தெரியாது. மணிக்கூடு பிடிக்கிற கை எதையும் பிடிக்கும் என்று அவராகவே யோசித்து வசனத்தை எழுதிக் கொடுத்திருந்தார். கேடயத்தை வாசித்ததும் றேமன்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பொன்னாடை தோளில் விழுந்துவிட்டது. பொன்னாடை போர்த்தப்பட்டவர் பேசுகிற வழக்கம் இல்லை, சிரிக்கிற வழக்கம்தான். அவர் சிரித்தார். படம் எடுத்தார்கள்.

ஏப்ரல் பதின்மூன்றாம் திகதி மைதானத்து ஓரங்களில் இன்னும் பனி குவிந்து கிடந்தது. ஆட்டம் முடிய அடிக்கிற ஊதல் அடித்தபோது ஒற்றுமைக் கழகம் பதினெட்டு, ஆராவ் பதினாறு. ஆனால் ஊதல் அடித்தாலும் பந்து ஓடிக்கொண்டிருந்தால் ஆட்டம் முடியாது, பந்தை வைத்திருப்பவரை மடக்க வேண்டும், அல்லது பந்து கோட்டுக்கு வெளியே போகவேண்டும். அந்தக் கடைசி நொடியில் மிதுன் பந்தை நெட்டுக்கு உதைத்தார். மிதுனுக்கு இருபத்துநான்கு வயது, ஆராவில் பிறந்தவர், தொண்ணூற்றிரண்டு கிலோ. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்லுவார், பசித்தால் மட்டும் தமிழ் வரும். பந்து றேமன்டுக்கு நேர்மேலே போனது. றேமன்ட் தன் கோட்டுக்கு ஒரு மீற்றர் முன்னால் நின்றார். பிடித்தால் மடக்குவார்கள், ஆட்டம் முடியும், கழகம் வெல்லும். விட்டால் மிதுன் பொறுக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டுவார், ஆராவ் வெல்லும், பதின்மூன்று கேடயங்களும் பொய்யாகும், அதில் ஒன்று இரண்டு தடவை பொய்யாகும். றேமன்ட் இரண்டு கையையும் விரித்து “என்ர!” என்று கத்தினார். கத்தின மூச்சு முடிய, உதட்டுக்குள்ளே, “அந்தோனியாரே, இப்ப வேண்டாம்” என்றார்.

பந்து நின்றது.

இருபத்தாறு பேரும் பதினொரு நிமிடம் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். மூச்சிரைக்க ஓடிவந்து றேமன்டுக்குப் பக்கத்தில் நின்ற மிதுனுக்கு அப்போதே பசித்திருக்க வேண்டும்.

“அண்ணை, உது வருமோ?”

“வரும்.”

“எனக்கு ஐஞ்சு இருபத்தெட்டுக்கு ட்ரெயின்.”

“நீ போட்டு வா. நான் நிக்கிறன்.”

நடுவர் ஸ்டுக்கி பேர்ணில் ட்ராம் ஓட்டுபவர். முப்பது வருடத்தில் ஒரு தடவை ஐம்பது செக்கன் பிந்தியிருக்கிறார், அதற்கும் விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் விதிப்புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை மைதானத்திலேயே நின்று வாசித்தார். பந்து காற்றில் இருக்கும்போது ஆட்டத்தை முடிக்க விதி இல்லை. நிறுத்தவும் இல்லை. எவ்வளவு நேரத்துக்குள் கீழே வரவேண்டும் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே ஆட்டம் தொடர்வதாக அவர் அறிவித்தார். நீல மை கொண்டுவரச் சொல்லி, இருபத்தாறு பேரின் சப்பாத்தைச் சுற்றியும் புல்லில் கோடு கீறினார். சனிக்கிழமை தோறும் நான்கு மணிக்கு எல்லோரும் தங்கள் தங்கள் பாதத்தில் வந்து ஒரு நிமிடம் நிற்கவேண்டும், மிச்ச நேரம் வீட்டுக்குப் போகலாம். அப்படியே நடந்தது. மற்றைய ஆட்டங்கள் வேறு பந்துகளோடு அதே பந்தின் கீழே நடந்தன. கழகம் ஒன்றில் வென்றது, எட்டில் தோற்றது. புல் வெட்டுகிறவர் அடிச்சுவடுகளைச் சுற்றிக் கவனமாக வெட்டினார்.

மே மாதம் நகரசபை கழகத்துக்குக் கடிதம் போட்டது. பொது நிலத்துக்கு மேலே முப்பது நாளுக்கு மேல் தங்குகிற எதற்கும் அனுமதி வேண்டும். பந்துக்கு முதலில் எஃப் பெர்மிட் கிடைத்தது, அதாவது திருப்பி அனுப்ப வழியில்லாததால் தற்காலிகமாக இருக்கலாம். ஓகஸ்டில் அதுவே பி பெர்மிட் ஆனது, வருடாவருடம் புதுப்பிக்கலாம். எண்பத்தாறில் வந்து அந்த எழுத்துக்குப் பதினொரு வருடம் காத்திருந்த பத்மநாதன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். பிறகு, பந்து ஒரு வேலைக்கும் போகாமல் இதைப் பெற்றது நம் சமூகத்துக்குக் கிடைத்த மதிப்பு என்று அறிக்கை விட்டார். மே மாதத்திலிருந்தே சனிக்கிழமைகளில் மைதானத்தின் கிழக்குப் பக்கம் மேடை போட்டார்கள். பந்துப் பெருவிழா என்று பெயர். மங்கள விளக்கு, மௌன வணக்கம், வரவேற்புரை, சிறப்புரை, சிறப்பு விருந்தினரைப் பற்றிய சிறப்புரை. பாரிசிலிருந்தும் லண்டனிலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். கொத்துரொட்டிக் கடைகள் நான்கு வந்தன. இப்படியொரு பந்து ரொறன்ரோவில் ஏற்கனவே நின்றது என்று ஒருவர் சொன்னார், அவரை யாரும் பொருட்படுத்தவில்லை.

றேமன்ட் ஒவ்வொரு சனியும் தன் பாதத்தில் போய் நின்றார். வேலையில் ஒரு குறையும் இல்லை. வீட்டில் மட்டும் சோற்றைப் பிசைந்தபடியே நெடுநேரம் இருப்பார். அவருடைய மனைவி அஞ்சலா முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்பவர். நாற்பது பேருக்குச் சூப் ஊற்றும்போதே யாருக்கு வயிறு சரியில்லை என்று முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியவர். ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பூசை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றுகிற நேரத்தில் கேட்டார்.

“இஞ்சருங்கோ, அண்டைக்கு அந்தோனியாரிட்ட என்ன கேட்டனீங்கள்?”

“ஆர் சொன்னது கேட்டனான் எண்டு?”

“ஒருத்தரும் சொல்லேல்ல. நீங்கள் கோயிலில அவற்றை முகத்தைப் பாக்கிறேல்ல. மற்றச் சுருவம் எல்லாத்துக்கும் கும்பிடுறியள், அவரிட்ட வரேக்க சப்பாத்துக் கயிறு கட்டுறியள்.”

றேமன்ட் சொன்னார். அஞ்சலா சிரிக்கவில்லை.

“இப்ப வேண்டாம் எண்டு கேட்டியள். எப்ப வேணும் எண்டு சொன்னனீங்களோ?”

“இல்லை.”

“அப்ப அந்த மனுசன் என்ன செய்வார்? ரெண்டு மாசமாத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். ஏற்கனவே ஒரு கையில குழந்தை இயேசு. அவருக்குக் கை நோகாதோ?”

“எனக்குப் பிடிக்க ஏலாது அஞ்சலா. உமக்குத் தெரியும்.”

“தெரியும். அந்தக் கேக்கை நான் இன்னும் மறக்கேல்ல. போய்ப் பத்மநாதன் அண்ணையிட்டச் சொல்லுங்கோ. கேடயத்தைக் குடுத்திட்டு வாங்கோ. உள்ளதைச் சொன்னால் மனுசர் என்ன, கடிச்சே போடுவினம்?”

அடுத்த சனி றேமன்ட் கேடயத்தைப் பையில் போட்டுக்கொண்டு மேடைக்கு ஏறினார். பத்மநாதன் அப்போது ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றார். வேறு இடத்தில் அவரைச் சந்திப்பது அரிது.

“அண்ணை, ஒரு கதை. எனக்குப் பந்து பிடிக்கத் தெரியாது. ஒரு நாளும் பிடிச்சதில்லை. இதில எழுதியிருக்கிறது பிழை.”

ஒலிவாங்கி வேலை செய்தது. மைதானம் முழுவதும் கேட்டது. ஒரு கணம் கொத்துரொட்டித் தட்டும் நின்றது. பத்மநாதன் கண் கலங்கினார்.

“பாத்தியளோ!” என்றார் சனத்திடம். “இதுதான் அடக்கம்! இந்த நாட்டில வளருற எங்கட பிள்ளையள் இதைப் படிக்கவேணும்!”

கைதட்டல் மூன்று நிமிடம். றேமன்டுக்கு இரண்டாவது பொன்னாடை விழுந்தது, அந்த இடத்திலேயே. ஜூலையில் இரண்டாவது கேடயமும் வந்தது: ‘அடக்கத்தின் சிகரம்.’ அவர் அதை வாங்கும்போது கைதவறி விழுத்தினார். பணிவினால் கை நடுங்கியது என்று ஒரு இணையச் செய்தி எழுதியது.

உள்ளதைச் சொல்லும் வழி அப்படி அடைபட்டதால் பழகிப் பார்ப்பது என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக்கூடாத நாடு என்பதால் அஞ்சலா இரண்டாம் மாடிப் பல்கனியிலிருந்து தலையணைகளைப் போட்டார், கீழே புல்லில் நின்று றேமன்ட் பிடித்தார், அல்லது பிடிக்கவில்லை. அறுபத்துநான்கு தலையணைகளில் ஒன்று அவர் தலையில் தங்கியது, அதைக் கணக்கில் சேர்ப்பதா என்று இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. கீழ்வீட்டுச் சுவிஸ் கிழவர் மூன்றாம் கிழமை வந்து மரியாதையாக, இது உங்களுடைய சமயமா என்று கேட்டார். ஓம் என்றார் அஞ்சலா. அவர் திருப்தியோடு போனார்.

ஜூலை நடுப்பகுதியில்தான் றேமன்ட் அதைக் கண்டார். வேலைத்தலத்து நண்பர் ஒருவரின் பைனாகுலரை இரவல் வாங்கி, தன் பாதத்தில் நின்றபடி மேலே பார்த்தார். வால்வு இருக்கும் இடத்தில் தையல் ஒன்று அரைப் பங்கு மில்லிமீற்றர் விலகியிருந்தது. வேறு யார் பார்த்தாலும் தெரியாது, அவருக்கு அது கதவு திறந்து கிடக்கிற மாதிரித் தெரிந்தது. அந்த வழியால் காற்று மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது, காற்றுப் போகப் போகப் பந்து சுருங்கிக்கொண்டிருந்தது. சுருக்கம் விழாமல், எழுத்தும் தையலும் அளவுக்கு அளவு குறைய, முழுப் பந்தாகவே. அன்றைக்கு அது ஒரு கத்தரிக்காய் அளவு இருந்தது. நில அளவையாளர் திரும்ப அளந்தார், உயரம் அதே நாற்பத்தொரு மீற்றர் இருபது சென்ரிமீற்றர்தான். பந்து சின்னதாகத் தெரிவதைச் சனமும் கவனித்திருந்தது. அதற்குப் பத்மநாதன் மேடையில் விளக்கம் கொடுத்தார்: பந்து உயர்ந்துகொண்டிருக்கிறது. நம் வளர்ச்சியைப் போலவே அதுவும் வளர்ந்து வளர்ந்து மேலே போகிறது. அளவையாளரின் கடிதம் வந்தபோது அதை வாசிக்காமலே நன்றியுரையில் சேர்த்துக்கொண்டார்.

றேமன்ட் அன்று வீட்டுக்கு ஓடிவந்தார். படியில் விழுந்து எழும்பினார்.

“அஞ்சலா, அது சின்னனாகுது. இப்பிடியே போனால் உளுந்தளவுக்கு வரும். உளுந்தளவு எண்டால் நான் பிடிப்பன்!”

“எத்தினை நாளில?”

“ஒக்ரோபர் நடுவில.”

அஞ்சலா மேசையிலிருந்த கடிதத்தை எடுத்து நீட்டினார். றேமன்ட் கழகத்தின் செயலாளரும் என்பதால் கடிதங்கள் அந்த வீட்டுக்கே வரும். லீக் குழு எழுதியிருந்தது: பருவம் செப்டம்பர் இருபத்தெட்டு, நான்கேகாலுக்கு முடிகிறது. அதற்குள் முதலாவது ஆட்டம் முடியாவிட்டால், முடிக்க முடியாத ஆட்டத்தின் உள்ளூர் அணியாகிய ஒற்றுமைக் கழகம் தொடரிலிருந்து நீக்கப்படும். அதற்குக் கீழே பிரிவு இல்லாதபடியால் எங்கே போவது என்பதைக் கழகமே தீர்மானிக்கலாம். நட்புடன்.

அதன் பிறகு அந்த வீட்டில் சமையலறைச் சாமான்களால் கணக்குப் பார்த்தார்கள். ஓகஸ்ட் முதலாம் திகதி, சுவிஸ் தேசிய நாளன்று, பந்துக்குப் பக்கத்தில் வாணம் விடக்கூடாது என்று நகரசபை பலகை வைத்த அன்று, அது பேரீச்சம்பழம். ஓகஸ்ட் முடிவில் கஜுப்பருப்பு. செப்டம்பர் பதினான்கில் உள்ளிப்பல், மெல்லியது. அதற்கு முன்பே வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் போயிருந்தது. சனம் குறையவில்லை, கூடியது. ஒன்றுமில்லாத வானத்தை அறுநூறு பேர் அண்ணாந்து பார்த்தார்கள். சாதாரண கண்கள் எட்டாத உயரத்துக்குப் பந்து போய்விட்டது என்று பத்மநாதன் சொன்னார், தங்களுக்குத் தெரிகிறது என்று அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். றேமன்ட் சிமிட்டா இல்லாமல், பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும் கொண்டு, அஞ்சலா மேலிருந்து போடுகிற தானியங்களைப் பிடித்துப் பழகினார். உளுந்து நூற்றுக்கு நூறு. பயறு தொண்ணூற்றெட்டு. கடலை நூற்றுக்கு முப்பத்தொன்று. பூசையில் இப்போது அவர் அந்தோனியாரின் முகத்தைப் பார்த்தார். “ஐயா, இன்னும் கொஞ்சம்” என்று கேட்டார். அஞ்சலா பின்னால் நின்று, தோள்நோவுக்குப் பூசுகிற எண்ணெய்ப் போத்தல் ஒன்றைச் சுருவத்தின் காலடியில் வைத்தார். அதை யாரும் எடுக்கவில்லை. ஆனால் கிழமைக்குக் கிழமை எண்ணெய் குறைந்தது.

செப்டம்பர் இருபத்தெட்டாம் திகதி காலையில் றேமன்ட் பைனாகுலரால் பார்த்தார். கடலையளவு.

அன்றைக்கு வந்த சனத்தை மைதானம் கொள்ளவில்லை. சிறப்பு விருந்தினர் ஒன்றியங்களின் ஒன்றியத் தலைவர். அப்படியொன்று இருப்பதை அழைப்பிதழில்தான் எல்லோரும் அறிந்தார்கள். நான்கு மணிக்கு இருபத்தாறு பேரும் தங்கள் பாதங்களில் நின்றார்கள். ஆறு மாதத்தில் சிலருக்கு வயிறு வைத்திருந்தது, ஆனால் சப்பாத்து அளவு மாறவில்லை. ஸ்டுக்கி மணிக்கூட்டைப் பார்த்தபடி ஊதுகுழலை வாயில் வைத்திருந்தார். மேடையில் பத்மநாதன் ஆரம்பித்தார்: “இந்தக் கரங்கள் ஒரு நாளும் ஒரு பந்தையும் தவறவிட்டதில்லை…” நான்கு மணி பத்து நிமிடத்துக்கு அவர் பொன்னாடையை விரித்தார். அவ்வளவு சனமும் மேடைப் பக்கம் திரும்பிக் கைத்தொலைபேசியை உயர்த்தினார்கள். மைதானத்தைப் பார்த்து நின்றது அஞ்சலா மட்டும். அவருக்குப் படம் எடுக்கிற பழக்கமில்லை.

“மிதுன்,” என்றார் றேமன்ட். “இப்ப வரும்.”

“எங்க அண்ணை? ஒண்டும் காணேல்ல.”

“எனக்குத் தெரியுது. நீ உன்ர வேலையைச் செய். பிறகு கள்ளம் எண்டு சொல்லக்கூடாது.”

“பிடிப்பியளோ?”

“நூறில முப்பத்தொண்டு.”

“எனக்கு அது காணும்,” என்றார் மிதுன். ஓடிவருகிற கடமை அவருக்கு இருந்ததால் ஐந்து மீற்றர் பின்னுக்குப் போய் நின்றார்.

றேமன்ட் கையை விரிக்கவில்லை. வலக்கையை மட்டும் முகத்துக்கு நேரே, திருகாணி எடுக்கிற மாதிரி, இரு விரலைக் குவித்து வைத்தார். “ஐயா,” என்றார், “இப்ப.” மேலே யாரோ நெடுநாள் அடக்கிய மூச்சை விட்ட மாதிரி ஒரு காற்று வந்தது. பந்து வந்தது. பாரமில்லாததால் நேராக வரவில்லை, அங்குமிங்கும் அலைந்து, ஒரு தடவை கொடிக்கம்பத்துப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. றேமன்ட் தன் பாதத்தை விட்டு ஒன்றரை அடி விலகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பதினான்கு வருடம் செய்ததையே செய்தார். பந்து சுட்டுவிரல் நகத்தில் பட்டுத் துள்ளியது. இரண்டாம் தடவை இறங்கும்போது, தையலுக்கும் வால்வுக்கும் நடுவில், இரு விரலுக்குள் வந்து நின்றது.

அப்போது மிதுன் வந்து மோதினார். தொண்ணூற்றிரண்டு கிலோவும் ஓட்டமும். ஒன்றையும் காணாதவர் மோதுவதற்கு அது நல்ல மோதல் என்று பின்னர் ஸ்டுக்கி சொன்னார். றேமன்ட் மல்லாந்து விழுந்தார், முதுகு தரையில் அடித்தது, விலா எலும்பு ஒன்று வெடித்தது, பைனாகுலர் நொறுங்கியது. வலக்கை மட்டும் புல்லில் படாமல், குவித்த இரு விரலோடு வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. கோட்டுக்கு அரை மீற்றர் முன்னால்.

ஸ்டுக்கி குனிந்தார். மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். கடலையளவில் ஒரு றக்பிப் பந்து. ஆறு மாதத்துக்கு முன் தானே போட்ட கையொப்பமும் அதில் அளவாகச் சிறுத்து இருந்தது. பந்தின் அளவை ஆட்டம் தொடங்கமுன் சோதிக்கவேண்டும் என்பதே விதி. அன்றைக்குச் சோதித்திருந்தார், சரியாக இருந்தது. அவர் ஊதினார். நான்கு மணி பன்னிரண்டு நிமிடம். பதினெட்டுக்குப் பதினாறு. ஊதின சத்தம் மேடையின் நாதஸ்வர ஒலிநாடாவுக்குள் போய்விட்டது. மிதுன் எழும்பி, றேமன்டுக்குக் கைகொடுத்து, “இடக்கையைத் தாங்கோ, மற்றதில விழுத்திப்போடுவியள்” என்றார். பிறகு கொத்துரொட்டிக் கடைப் பக்கம் போனார்.

வெற்றியை அறிவிக்க ஸ்டுக்கி மேடைக்குப் போனார். அவர் வாயெடுக்கமுன் பத்மநாதன் அவருக்குப் பொன்னாடை போர்த்திக் கதிரையில் இருத்தினார். ஸ்டுக்கியும் சிரித்தார். முடிவை அன்று மாலையே மின்னஞ்சலில் அனுப்பினார், லீக் குழு பதிந்துகொண்டது, கழகம் தொடரில் நிலைத்தது. மேடையில் விழா ஏழு மணிவரை போனது. பந்து விரைவில் இறங்கும் என்று முடிவுரையில் பத்மநாதன் சொன்னார். அவசரப்படவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமைகளில் இப்போதும் சனம் வருகிறது. அண்ணாந்து பார்க்கிறது, கொத்துரொட்டி சாப்பிடுகிறது, போகிறது. பந்து றேமன்டின் சமையலறைத் தட்டில், அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில், திருகாணி வைக்கிற சின்ன டப்பாவுக்குள் இருக்கிறது. அஞ்சலா டப்பாவில் கடலை என்று எழுதிப் பிறகு வெட்டிவிட்டார். பந்தின் பி பெர்மிட் 2025 ஓகஸ்டில் புதுப்பித்து வந்தது, வதிவிடம் நாற்பத்தொரு மீற்றர் இருபது சென்ரிமீற்றர் என்று போட்டு. அதை அவர் வீட்டாரின் பெர்மிட்டுகளோடு ஒரே உறையில் வைத்தார். உயர்ந்து வரும் பந்தைத் தவறவிடாத கரங்கள் என்ற கேடயம் கூடத்தில் தொங்குகிறது, றேமன்ட் அதைக் கழற்றவில்லை. 2025 பருவத்தில் அவரை நோக்கி உயர்ந்து வந்த பந்துகள் ஒன்பது. ஒன்பதையும் விட்டார். ஒன்பதும் நேரத்துக்கு இறங்கின.